திண்ணையிலிருந்து மூன்றாம் மாடிக்கு

சென்ற இதழில் விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதையைப் பற்றி எழுதியிருந்தேன். 1879இல் போட்ட பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவனை இந்த முறை நாய்க்குட்டியைப் பற்றி எழுத வைத்தது நம் வாட்ஸ்அப் குழுதான்.

பி பிளாக் மூன்றாம் மாடிக்கு ஒரு குட்டி வந்தது உங்களுக்குத் தெரியும். முதல் மூன்று இரவும் அது பால்கனியில் கிடந்து கத்தியதும் தெரியும். நான்காம் நாள் காலை குழுவைத் திறந்தால் படித்து முடிக்க முடியாத அளவுக்குச் செய்திகள். "பிளாட்டில் நாய் எதற்கு, அசோசியேஷன் தடை போடலாமே?" என்று ஒருவர். "நம்ம ஊர்ல என்னைக்கு நாயை வீட்டுக்குள்ள வச்சிருந்தாங்க?" என்று இன்னொருவர். அந்த வீட்டுக்காரரும் மனம் வெறுத்து, யாராவது தோட்டம் வைத்திருந்தால் குட்டியைக் கொடுத்துவிடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

முதல் கேள்விக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இரண்டாவது கேள்வி வரலாறு சம்பந்தப்பட்டது. கேட்டவர் கோபத்தில் கேட்டிருந்தாலும் அது சரியான கேள்வி.

உண்மைதான், நம் ஊர்களில் நாயை வீட்டுக்குள் வைத்ததில்லை. நான் பிறந்தது பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு நாய் உண்டு. அது ஒருநாளும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வந்தால் பாட்டி விளக்குமாற்றை எடுப்பார். அதன் இடம் திண்ணை, தெருவாசல், மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர். பழைய சோறு, மீன் முள், மோர் இவைதான் சாப்பாடு. தடுப்பூசி என்ற சொல்லே நாயோடு சேர்த்துக் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திண்ணை வீட்டுக்கு வெளியே இருந்தது, தனியாக இருக்கவில்லை. குட்டி வந்த முதல் இரவு அது தாத்தாவின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் படுக்கும். அது பிறந்த வீட்டில் தாய் படுத்த சாக்கு ஒன்றையும் கேட்டு வாங்கி வருவார்கள், அதை விரித்துத்தான் படுக்க வைப்பார்கள். முனகினால் தாத்தாவின் கை கட்டிலிலிருந்து கீழே தொங்கும். அவ்வளவுதான், தூங்கிவிடும். நாம் இன்று பால்கனியைத் திண்ணை என்று நினைத்துக்கொள்கிறோம். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் அது திண்ணை இல்லை. தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் அன்றுதான் பிரிந்து வந்த ஒன்றுக்கு அது கிணற்றடி மாதிரி.

நாயைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வது நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்றும் குழுவில் ஒரு கருத்து வந்தது. அதற்குப் பதில் சொல்ல இரண்டு கற்கள் இருக்கின்றன.

முதல் கல் நமக்கு மேற்கே, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமை மந்தைக்காகப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் காத்தது என்று எழுத்து சொல்கிறது. பெயரோடு சொல்கிறது: கோவிவன். அந்தக் காலத்தில் எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, ஒரு நாயின் பெயர் 1300 ஆண்டுகளுக்கு மேல் தாண்டி வந்திருக்கிறது. (மூன்றாம் மாடிக் குட்டிக்கு இந்தப் பெயரை நான் சிபாரிசு செய்தேன். வீட்டுப் பெண் 'பன்னு' என்று ஏற்கெனவே வைத்துவிட்டாளாம். என்ன செய்ய.)

இரண்டாவது கல் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்தது. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கும் நம் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள கல்வெட்டுகளில் கன்னரதேவன் என்ற பெயர் வரும். இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன்தான் அவன். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போர் அவனுடையது. அந்தப் போரில் அவன் பக்கம் நின்றவன் கங்க அரசன் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரன் நன்றாகச் சண்டையிட்டதால், என்ன வேண்டும் கேள் என்றான் அரசன். மணலேரன் கேட்டது 'காளி' என்ற வேட்டை நாயை. பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் காளியும் சேர்ந்தே செத்தன. நாய்க்காகக் கல் நட்டு, நிலமும் விட்டு, வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். நாயும் பன்றியும் கட்டிப் புரளும் சிற்பம் அந்தக் கல்லில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

இவை போர் நாயும் காவல் நாயும்தானே, குட்டியைக் கொஞ்சுவது எங்கே என்று கேட்பீர்கள். குட்டிக்கென்றே தமிழில் சொல் இருந்திருக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயர் 'குருளை' என்கிறது தொல்காப்பிய மரபியல். உலகத்தில் இன்னும் பழைய சான்று வேண்டுமானால் ஜெர்மனியில் பான் நகரத்துக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் கிடைத்த புதைகுழி. சுமார் 14,000 ஆண்டுப் பழமை. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதம்கூட நிரம்பாத ஒரு நாய். அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அது குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் நோய் வந்து பல வாரம் கிடந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த நிலையில் ஒரு குட்டியால் எந்த வேலையும் ஆகாது. யாரோ உட்கார்ந்து துடைத்து, தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னுவுக்கு இப்போது போடுகிற முதல் ஊசிகளில் ஒன்று அதே நோய்க்கானது.

அப்படியானால் வாசற்படியில் ஏன் நிறுத்தினோம்? ஆசாரம் ஒரு காரணம். மண் தரை, சமையல், பூஜை, எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு அது. பெரிய காரணம் பயம் என்பது என் எண்ணம். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்ற மிரட்டல் நினைவிருக்கும். அது வெறும் மிரட்டல் இல்லை.

ரேபிஸ் நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை, அன்றும் இன்றும். 1885 ஜூலை 6 அன்று பாரீசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தன் தடுப்பு மருந்தைப் போட வைத்தார். பையன் பிழைத்தான். நம் ஊர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பதற்காக அந்த மருந்து மறுநாளே இங்கே வந்துவிடவில்லை. இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் கசௌலியில் தொடங்கியது. இன்றைய இமாசலப் பிரதேசத்து மலை! தெற்கே கடிபட்டவர் அங்கே போய்ச் சேர வேண்டும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற இளம்பெண் நாய்க்கடியால் இறந்த பிறகுதான் தெற்கே ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கி, 1907இல் குன்னூரில் நிலையம் திறந்தார்கள். இன்றும் அது இயங்குகிறது. ஊட்டிக்குப் போகிற வழியில் சிம்ஸ் பூங்காவுக்கு அருகே பார்க்கலாம்.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய முறைதான் பிறகு நாடெங்கும் பரவியது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, வயிற்றில் நாள்தோறும் ஊசி. வலி ஒரு பக்கம். சிலருக்கு அந்த ஊசியாலேயே நரம்புத் தளர்ச்சி வந்ததும் உண்டு. இந்த வகை மருந்தை இந்தியா கைவிட்டது 2004 இறுதியில்தான். நேற்று மாதிரி இல்லையா? அதற்கு முன் ஒவ்வொரு தாயும் பிள்ளையை நாயிடமிருந்து விலக்கி வைத்ததில் என்ன தவறு? இப்போது போடுவது கையில், சில ஊசிகள்தான். நாய்க்கோ மூன்றாம் மாதத்தில் ஒன்று, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில். நாய் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்ததற்குப் பாதிக் காரணம் இந்தச் சின்ன மருந்துப் புட்டி. ஊசி போடாத குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் பாட்டியின் பயத்தை மட்டும் விட்டுவிட்டு, பாட்டியின் காலத்திலேயே இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஓர் ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுக்குக் குட்டி ஒன்று வந்தது. திண்ணை முழுக்க நெல் மூட்டை. தாத்தா நோயில் உள்ளே படுத்திருந்தார். அதனால் குட்டியைப் பின்கட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டினார்கள். நாளுக்கு இரண்டு முறை அம்மா சோறு வைப்பார். மழை, பள்ளிக்கூடம், தாத்தாவின் சாவு, காரியம் என்று நாள் ஓடியது. தை மாதம் அதை வாசலுக்குக் கொண்டுவந்தபோது யாரைப் பார்த்தாலும் உறுமியது. சைக்கிளைப் பார்த்தால் பதுங்கியது. ஒருநாள் தபால்காரரின் காலைப் பிடித்துவிட்டது. அவர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை, ஆனால் குன்னூர் மருந்து ஊசி அத்தனையும் போட்டுக்கொண்டார். சித்தப்பா அன்று இரவு குட்டியைச் சாக்கில் போட்டு, சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார். வரும்போது சாக்கு காலி. எங்கே விட்டார் என்று நான் கேட்கவில்லை. 'கெட்ட ஜாதி நாய்' என்றார்கள், நானும் அப்படியே நம்பினேன்.

அந்த நம்பிக்கை தவறு என்று தெரிந்துகொள்ள நாற்பது வருஷம் ஆனது. அமெரிக்காவில் மெயின் மாநிலத்து பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களை வைத்துப் பல ஆண்டுகள் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். அவர்கள் புத்தகம் 1965இல் வந்தது. அவர்கள் கண்டது இதுதான்: மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை ஒரு குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அப்போது பார்த்த மனிதர், கேட்ட சத்தம், தொட்ட கை எல்லாம் அதற்குச் சொந்தம். அதற்குப் பிறகு புதிதாக வருவதெல்லாம் சந்தேகம். 1961இல் அதே இடத்தில் நடந்த இன்னொரு சோதனையில் சில குட்டிகளை வேலி போட்ட வெளியில், மனிதரே பழகாமல் 14 வாரம் வரை வளர்த்தார்கள். நன்றாகத் தின்று கொழுத்த அந்தக் குட்டிகள் பிறகு மனிதரைக் கண்டாலே காட்டு விலங்கு போல ஒதுங்கின.

எங்கள் கொட்டகைக் குட்டிக்கு நடந்தது அதுவேதான். ஐப்பசியிலிருந்து தை வரை. ஜாதி கெட்டதில்லை, திண்ணை கிடைக்கவில்லை.

திண்ணையில் வளர்ந்த குட்டி மூன்று மாதத்துக்குள் யாரையெல்லாம் பார்த்திருக்கும், எண்ணிப் பாருங்கள். பால்காரர், தயிர்க்காரம்மா, தபால்காரர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கோல் ஊன்றி வரும் கிழவர், மாட்டுவண்டி, ஆட்டு மந்தை, திருவிழா மேளம், சாவு மேளம். யாரும் பயிற்சி என்று எதுவும் கொடுக்கவில்லை, தெருவே கொடுத்தது. பிள்ளைகள் வைக்கோல் போரில் குட்டிகளைத் தூக்கித் தூக்கி விளையாடினதும் அதில் சேரும். நம் மூன்றாம் மாடிப் பன்னு இதுவரை பார்த்தது நான்கு பேரையும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும். அதற்கு இப்போது ஒன்பது வாரம். கணக்குப் போட்டால் மிச்சம் மூன்று வாரம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. முழுத் தடுப்பூசியும் முடியாத குட்டியைத் தரையில், தெருநாய் நடமாடும் இடத்தில் விட முடியாது. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ என்ற வயிற்றுப்போக்கு நோய் குட்டிகளைச் சில நாளில் கொன்றுவிடும். திண்ணைக் காலத்தில் எத்தனை குட்டிகள் பிழைக்காமல் போயின என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அதனால் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். லிஃப்ட் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், யூனிபார்ம் போட்ட வாட்ச்மேன், குப்பை வண்டி, சக்கர நாற்காலி, தள்ளுவண்டி, ஸ்கூட்டர், எல்லாவற்றையும் மடியில் இருந்தபடியே பார்க்கட்டும். பயந்தால் திரும்பிவிட வேண்டும், கட்டாயப்படுத்தினால் எதிர் விளைவுதான். ஊசி விஷயத்தில் சந்தேகம் இருந்தால் குரும்பாபேட்டில் 1994 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நமக்குக் கொஞ்ச தூரம்தான்.

குட்டியின் பால்பல் ஊசி மாதிரி இருக்கும், விளையாட்டில் கீறும். கீறியது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், நாய் எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம்.

இப்போது சட்டம். அதற்கும் ஒரு கதை உண்டு. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் ஆனார். அங்கே விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதில் 11ஆம் பிரிவைப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். எப்போதும் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை வெளியே நடத்திக் கூட்டிப் போகாமல் இருப்பதே குற்றம். பட்டினி கிடக்கும் நிலையில் கைவிட்டு வருவதும் குற்றம். எங்கள் சித்தப்பாவின் சாக்குக்கும் பால்கனிக் கதவுக்கும் அதில் இடம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அமைந்த விலங்கு நல வாரியம் 2015இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். வளர்ப்பவருக்கும் அதில் கடமை சொல்லியிருக்கிறார்கள்: அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இல்லாமல் வைத்திருக்க வேண்டும். மூன்று இரவு தூக்கம் கெட்டவர்கள் கேட்டது நியாயமற்ற கேள்வி என்று நான் சொல்லமாட்டேன். கீழ்வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கிறது.

நான்காம் நாள் மாலை அந்த வீட்டுக்குப் போனேன். பால்கனியில் புது மெத்தை, புதுக் கிண்ணம், ரப்பர் எலும்பு. எல்லாம் விலை உயர்ந்தவை. குட்டி எதையும் தொடாமல் கதவோரம் சுருண்டு கிடந்தது. குட்டி வாங்கிய வீடு வில்லியனூர்தான் என்றார்கள். போன் செய்து, தாய் நாய் படுத்த பழைய துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். இரவு படுக்கையறையில், கட்டிலை ஒட்டி ஓர் அட்டைப் பெட்டியில் அந்தத் துணியை விரித்துப் படுக்க வைத்தார்கள். முனகியபோது வீட்டுக்காரர் கையைக் கீழே தொங்கவிட்டாராம். நான் தாத்தாவின் கதையை அவரிடம் சொல்லவே இல்லை. அவருக்காகத் தோன்றியிருக்கிறது. நடுவில் ஒரு முறை சிறுநீருக்கு எழுப்பியிருக்கிறார்கள். அன்று இரவு குழுவில் ஒரு செய்தியும் இல்லை.

தோட்டத்துக்குக் கொடுக்கும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. முற்றிலும் நின்றுவிட்டதா என்பது அடுத்த மூன்று வாரத்தில் தெரியும். தினமும் மாலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டுப் பெண் பன்னுவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் அறைப் பக்கம் வந்து உட்காருகிறாள். நாயென்றால் பயப்படுகிறவர்கள் தூரத்திலேயே நிற்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மற்றவர்கள் வேலையிலிருந்து வரும்போது வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு நிமிடம் பேசிவிட்டுப் போங்கள். ஹெல்மெட் போட்ட ஆளை அது இன்னும் பார்த்ததில்லையாம்.